உள்ளங்கையில் ஒரு வருட உழைப்பு

மேசை மேல் காய்ந்த பச்சைப் பூக்கள் குவிந்து கிடக்கின்றன. வந்தவர் அதில் ஒரு கைப்பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, கசூரி மேத்தியை நொறுக்குவது போல அழுத்தித் தேய்க்கிறார். கைகள் மஞ்சளாகின்றன. பிசின் போல ஒட்டுகின்றன. கைகளைக் குவித்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக முகர்கிறார். மறுபடி ஒரு தடவை. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் விவசாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மௌனமாக உட்கார்ந்திருந்தால் பெண்ணின் அப்பாவுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும் வரை நடக்கும் காட்சி இது. (தலைநகர் வாஷிங்டன் வேறு, அது நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது.) அமெரிக்காவில் விளையும் ஹாப் பூவில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரு மாநிலத்திலிருந்துதான் வருகிறது. பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது ஹாப். அறுவடை மாதத்தில் உலகின் பல மூலைகளிலிருந்து பீர் தயாரிப்பாளர்கள் இங்கே வந்து குவிகிறார்கள். பெரிய கம்பெனிக்காரர்களும் உண்டு, கடன் வாங்கி நாலு தொட்டி போட்டவர்களும் உண்டு. எல்லோரும் கொண்டுவரும் முக்கியமான கருவி மூக்குதான்.

‘பீர் சமாசாரமா?’ என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். ஆனால், கொடி, பந்தல், கயிறு, ஆள் கூலி, மழை, விலை என்று ஓடும் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள ஒரு வாய் பீர் குடித்திருக்க வேண்டியதில்லை. வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்திருந்தால் போதும்.

ஹாப் ஒரு கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் போதை தரும் அந்தப் பொருள் இதில் இல்லை. பனிக்காலத்தில் தரைக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கும். வசந்தத்தில் முளைத்து, கோடையில் கிடுகிடுவென்று ஏறி, கோடை முடிவில் பூத்துவிடும். ஆண் கொடி, பெண் கொடி என்று தனித்தனியாக உண்டு. வேண்டியது பெண் பூ மட்டும்தான். ஆண் கொடி அருகில் இருந்தால் பூவில் விதை பிடித்துவிடும் என்பதால் அதைப் பார்த்த இடத்தில் பிடுங்கி எறிகிறார்கள். பெண் பூ சின்னப் பச்சைக் கூம்பு போல இருக்கும், கட்டைவிரல் நுனி அளவுக்கு. அதன் இதழ்களைப் பிரித்தால் அடியில் மகரந்தம் மாதிரி மஞ்சள் பொடி தெரியும். லுபுலின் என்று பெயர். கசப்பு, மணம், பணம் எல்லாமே அந்தப் பொடியில்தான்.

பீரை எளிதில் கெட்டுப்போகாமல் காப்பதும் இந்தக் கசப்புதான். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ல் வந்த சட்டம், பீரில் பார்லி, ஹாப், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது என்றது. பிரிட்டிஷார் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிய பீரில், மாதக்கணக்கான பயணத்தைத் தாங்குவதற்காக ஹாப்பைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான். இன்று அமெரிக்காவில் அதிகம் பேசப்படும் பீர் வகைகளில் ஒன்று அது. ‘ஐபிஏ’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். யாக்கிமா விவசாயிகளைத் தூக்கிவிட்டதும், பின்னால் கீழே இறக்கியதும் அந்த மூன்றெழுத்துதான். அதைப் பிறகு பார்ப்போம்.

சியாட்டில் நகரத்திலிருந்து கேஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டிக் காரில் இரண்டரை மணி நேரம் போனால் யாக்கிமா. சியாட்டில் பக்கம் சதா தூறல். மலையைத் தாண்டினால் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மேகங்களை எல்லாம் மலை பிடித்துக்கொள்வதால், யாக்கிமாவில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் சில ஐப்பசி நாட்களில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கும் அளவு. பிறகு எப்படி விவசாயம்? மலையில் உறைந்த பனி உருகி ஆறாக வருகிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கிய வாய்க்கால்களும் அணைகளும் அதைப் பள்ளத்தாக்கு முழுக்கக் கொண்டுபோகின்றன. மழை இல்லாததால் இலையில் பூஞ்சை பிடிப்பதும் குறைவு. ஆப்பிள், செர்ரித் தோப்புகளுக்கு நடுவே ஹாப் வயல்கள் பச்சைச் சுவர் மாதிரி எழுந்து நிற்கின்றன.

சுவர் என்றது வெறும் உவமை இல்லை. 18 அடி உயரக் கம்பங்களை நட்டு, உச்சியில் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கம்பியிலிருந்து தரை வரை கயிறுகள் தொங்குகின்றன. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கயிறு, கீழே ஒரு புள்ளியில் தொடங்கி மேலே ‘வி’ போல விரிகிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,800 கயிறுகள் ஆகும். அத்தனையும் மனிதக் கையால் முடிச்சுப் போடப்படுபவை. மார்ச், ஏப்ரல் குளிரில், டிராக்டர் இழுத்துப்போகும் உயரமான மேடையில் நின்றபடி, நகர்ந்துகொண்டே முடிச்சு முடிச்சாகப் போடுகிறார்கள்.

அந்தக் கயிறு என்ன கயிறு தெரியுமா? தேங்காய் நார்க் கயிறு! பெரும்பாலும் இலங்கையிலிருந்து கப்பலேறிப் போகிறது. தென்னையே முளைக்காத அந்தப் பனி தேசத்தில், ஹாப் கொடியின் சுணை பற்றிக்கொள்ள அதன் சொரசொரப்பு தோதாக இருக்கிறது. பூ பாரத்தையும் காற்றையும் ஒரு கோடை முழுக்கத் தாங்குகிறது. அறுவடை முடிந்ததும் கொடியோடு சேர்த்து நறுக்கிப் போட்டால் மக்கியும் விடுகிறது. ஜெர்மனியின் ஹாலர்டா வட்டாரத்தில் இதே வேலைக்கு மெல்லிய இரும்புக் கம்பியைத்தான் அதிகம் கட்டுகிறார்கள். யாக்கிமாவுக்கு நம் பக்கத்து நார்க் கயிறுதான் ஒத்துவந்தது.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் இன்னொரு கைவேலை. முளைத்துவரும் தளிர்களில் வலுவான இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கயிற்றில் சுற்றிவிட வேண்டும். கடிகார முள் சுற்றும் திசையில்தான் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் கொடி தானாகவே அவிழ்த்துக்கொண்டு விழுந்துவிடும். சரியாகச் சுற்றிவிட்டால் நல்ல வெயில் நாளில் ஒரே நாளில் ஓர் அடி கூட வளரும். ஜூன் மாதம் யாக்கிமாவில் பகல் கிட்டத்தட்ட 16 மணி நேரம். அவ்வளவு நீண்ட பகலைக் குடித்து வளர்ந்து, பகல் குறையத் தொடங்கும்போது பூப்பது இந்தக் கொடியின் சுபாவம். ஆண்டின் நீண்ட பகல்கூடச் சென்னையில் 13 மணி நேரத்தைத் தொடாது. நம் ஊரில் ஹாப் வளராததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் வந்துவிட்டால் பண்ணைகளில் யாருக்கும் தூக்கம் இருக்காது. பூ எப்போது பறிக்கத் தயார் என்பதைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தினமும் வயலில் அங்கங்கே பூக்களைப் பறித்து, எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போடுகிறார்கள். தண்ணீர் போக எஞ்சும் எடை 20 சதவீதத்தைத் தாண்டி ஏறத் தொடங்கினால் நாள் நெருங்கிவிட்டது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள்தான் கெடு. முன்னால் பறித்தால் மணம் ஏறியிருக்காது. புல் வாசனைதான் வரும். பிந்திவிட்டால் நடப்பதுதான் வேடிக்கை. மாம்பழம், சாத்துக்குடித் தோல் என்று மணக்க வேண்டிய சில ரகங்கள் வெங்காயமும் பூண்டும் உரித்த மாதிரி நாற ஆரம்பித்துவிடும். சாம்பாருக்குச் சரி. பீருக்கு?

இதிலே இன்னொரு சிக்கல். ஒரு பண்ணையில் ஐந்தாறு ரகம் இருக்கும். பறிக்கும் இயந்திரமும் உலர்த்தும் கூடமும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தாங்கும். எல்லா வயலையும் அதனதன் சரியான நாளில் அறுக்கவே முடியாது. எதை ஒரு நாள் முன்னால் அறுப்பது, எதை இரண்டு நாள் தள்ளிப்போடுவது என்று பெரியவர்கள் வானத்தைப் பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். போதாததற்கு, ஒரே ரகத்தை ஒரு வாடிக்கையாளர் இளசாகக் கேட்பார், இன்னொருவர் முற்றலாகக் கேட்பார். நான்கைந்து தலைமுறையாக ஹாப் போடும் குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அவர்களுக்கும் ஒவ்வொரு செப்டம்பரும் புதுப் பரீட்சைதான்.

அறுவடைக்கு வயலுக்குள் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. கொடியின் சுணை கையைக் கோடு கோடாகக் கிழித்துவிடும். சிலருக்குத் தடிப்புத் தடிப்பாக வீங்கும். முதலில் ஒரு வண்டி வந்து கொடிகளை அடியில் அறுத்துக்கொண்டே போகும். பின்னாலேயே இன்னொன்று உச்சியில் கயிற்றோடு அறுக்க, 18 அடிக் கொடி அப்படியே மடிந்து லாரியில் விழும். லாரி நிறைந்ததும் கொட்டகைக்கு ஓட்டம். அறுத்த கொடி காத்திருந்தால் சூடேறி வாடிவிடும். அதனால் வயலிலிருந்து கொட்டகைக்குப் போகும் சாலைகளில் அந்த ஒரு மாதமும் லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன.

கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் சத்தம், அப்புறம் வாசனை. பேசுவதானால் காதருகே கத்த வேண்டும். ஆட்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு கொடியாக எடுத்து, தலைக்கு மேலே நகரும் கொக்கியில் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள். கொக்கி கொடியை இயந்திரத்துக்குள் இழுத்துப்போக, சுழலும் கம்பி விரல்கள் இலையையும் பூவையும் சேர்த்து உருவிவிடுகின்றன. பூவை மட்டும் எப்படிப் பிரிப்பது? அங்கேதான் யாரோ ஒரு கெட்டிக்காரர் யோசித்திருக்கிறார். சரிவான பட்டை ஒன்று மேல்நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் விழும் இலை தட்டையாக ஒட்டிக்கொண்டு மேலே போய்விடும். பூ உருண்டை, உருண்டு கீழே வந்துவிடும். முறத்தில் அரிசியையும் உமியையும் பிரிக்கும் அதே தந்திரத்தின் அண்ணன் தம்பி வகை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல பட்டைகளைத் தாண்டி வரும்போது பச்சைப் பூ மட்டும் ஆறாக ஓடும்.

இந்த இயந்திரங்கள் வருவதற்கு முன்பு எல்லாம் கைப்பறிப்புதான். இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்துக்கு லண்டன் கிழக்குப் பகுதியின் ஏழைக் குடும்பங்கள் செப்டம்பர் தோறும் பாத்திர பண்டம், குழந்தை குட்டிகளோடு கிளம்பிப் போய், கொட்டகைகளில் தங்கிப் பூப் பறித்தன. அவர்களுக்குக் கிடைத்த ஒரே ‘விடுமுறை’ அதுதான். 1950, 60-களில் இயந்திரம் வந்து அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பறித்தவர்களில் பெரும்பங்கு பூர்வகுடி மக்கள். வெகுதூரத்திலிருந்து படகிலும் குதிரையிலும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இன்று பள்ளத்தாக்கின் ஹாப் வயல்களில் ஒரு பகுதி யாகமா இன மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. கயிறு கட்டுவதும், தளிர் சுற்றுவதும், கொக்கியில் மாட்டுவதும் இப்போது பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். சிலர் இங்கேயே குடியேறி இரண்டு தலைமுறை ஆயிற்று. சிலர் சில மாத விசாவில் வந்து திரும்புகிறார்கள். இயந்திரம் பூவைப் பறிக்கும், முடிச்சைப் போடாது.

கொட்டகையை அடுத்து உலர்கூடம். பண்ணையின் உயிர்நாடி இதுதான். பறித்த பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை பத்து சதவீதம் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய ஹாலின் தரை முழுக்க இரண்டு மூன்று அடி கனத்துக்குப் பூவைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஊதுகிறார்கள். சூடு 50 முதல் 65 டிகிரி செல்சியஸ். எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். நான்கு கிலோ பச்சைப் பூ ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும். அந்தக் கூடத்தின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு மூக்குக்குள் எலுமிச்சை, பைன் மரம், வைக்கோல் எல்லாம் ஒன்றாக ஏறும். கண் சொருகுவதாகச் சிலர் சொல்வார்கள். ஹாப் அடைத்த தலையணையில் படுத்தால் நல்ல தூக்கம் வரும் என்பது ஐரோப்பியப் பாட்டி வைத்தியம்.

உலர்த்துபவர் மட்டும் சொருகிவிடக் கூடாது. அதிகம் காய்ந்தால் இதழ் உதிர்ந்து, மஞ்சள் பொடி தரையில் கொட்டிப்போகும். குறைவாகக் காய்ந்தால் இன்னும் மோசம். ஈரத்தோடு அழுத்திக் கட்டிய ஹாப் உள்ளுக்குள்ளேயே சூடேறும். சில சமயம் தானாகவே பற்றிக்கொள்ளும். வைக்கோல் போர் புகைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2006 அக்டோபரில் யாக்கிமாவில் ஒரு கிடங்கு தீப்பிடித்து எரிந்ததில், அந்த ஆண்டு அமெரிக்க விளைச்சலில் சுமார் 4 சதவீதம் சாம்பலானது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் ஹாப் தட்டுப்பாடு வந்து விலை தாறுமாறாக ஏறியதற்கு அந்தத் தீயும் ஒரு காரணம். ஊர் முழுக்கப் புகையோடு ஹாப் மணமும் பரவியிருந்ததாம்.

அதனால்தான் உலர்கூடத்திலிருந்து வந்த பூவை உடனே கட்டுவதில்லை. பக்கத்து ஹாலில் மலை மலையாகக் குவித்து, ஒரு நாள் போல ஆறவிடுகிறார்கள். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே ஈரமாகவும் இருக்கும் பூக்கள் தங்களுக்குள் ஈரத்தைச் சமன் செய்துகொள்ளும். பிறகு அழுத்தி, சாக்குத் துணி சுற்றித் தைத்து, சுமார் 90 கிலோ பேல்களாக்குகிறார்கள். பருத்தி ஜின்னிங் பார்த்தவர்களுக்குப் பரிச்சயமான காட்சிதான். ஒவ்வொரு பேலுக்கும் எண் உண்டு. எந்த வயல், எந்தத் தேதி என்பது அந்த எண்ணில் இருக்கும். அங்கிருந்து குளிர்கிடங்கு.

இப்போது அந்த மேசைக்குத் திரும்பலாம். பேல்களிலிருந்து கத்தியால் செங்கல் போல ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்து வைக்கிறார்கள். ஒரே ரகம், ஐந்தாறு வயல். பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். தேய்த்து முகர்ந்தால் ஒன்று பழுத்த மாம்பழம், ஒன்று ஆரஞ்சுத் தோல், ஒன்றில் லேசாகப் பூண்டு. தேர்வுக்கு வருபவர்கள் அன்று சென்ட் பூசிக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கையைக் கழுவி, வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவார்கள். பரிசோதனைக்கூட அறிக்கை பக்கத்திலேயே இருக்கிறது. கசப்பு எத்தனை, எண்ணெய் எத்தனை என்று புள்ளிவிவரம் சொல்லும். ஆனால் கடைசி முடிவு மூக்குதான். எந்தத் துண்டு பிடிக்கிறதோ அந்தப் பேல்கள் அவருக்கு.

பூண்டு வாசனை வந்த வயலின் பூ வீணாகிவிடாது. கசப்புக்காக மட்டும் வேறு யாராவது வாங்கலாம். ஆனால் விலையும் பேரும் வேறு. சில சமயம் விவசாயியின் தவறே இருக்காது. 2020 செப்டம்பரில் மேற்குக் கடற்கரை மாநிலங்களில் காட்டுத்தீ எரிந்து, நாள்கணக்கில் யாக்கிமா வானத்தைப் புகை மூடியது. அறுவடையின் உச்சம் அது. அந்த ஆண்டு முகர்ந்தவர்கள் மாம்பழத்தைத் தேடியதோடு, அடுப்புக்கரி வாசனை இருக்கிறதா என்றும் தேடினார்கள்.

பெரும்பாலான பூ, பூவாகவே பீர்த் தொட்டிக்குப் போவதில்லை. ஆலையில் பேலை உடைத்துப் பொடியாக்கி, சூடேறாமல் பார்த்துக்கொண்டு, சல்லடை அச்சில் அழுத்தி, மாட்டுத் தீவனம் மாதிரி சின்னச் சின்னக் குச்சிகளாக்குகிறார்கள். காற்று நீக்கிய வெள்ளிநிறப் பையில் அடைத்து, குளிரில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இதில் பெரிய சுவாரசியத்தை எதிர்பார்க்க வேண்டாம், மாவு மில்தான். ஆனால், ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்ற அந்த ஒரு வசதியில் ஒரு வலியும் இருக்கிறது.

‘ஐபிஏ’ அலை அடித்த காலத்தில் பீர்காரர்கள் ஹாப்புக்காக அடித்துக்கொண்டார்கள். 1972-ல் வெளிவந்த கேஸ்கேட் ரகம் தொடங்கிவைத்த பழ வாசனை மோகம், சிட்ரா, மொசைக் போன்ற ரகங்களில் உச்சத்துக்குப் போனது. தட்டுப்பாட்டுக்குப் பயந்து பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தத்தை நம்பி விவசாயிகள் புதிய கம்பம் நட்டார்கள், உலர்கூடம் கட்டினார்கள், கடன் வாங்கினார்கள். 2021-ல் அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் ஹாப் பரப்பு 60,000 ஏக்கரைத் தாண்டியது. அப்புறம் பீர் விற்பனை நின்ற இடத்தில் நின்றது, பிறகு சரிந்தது. கிடங்குகளில் பழைய ஆண்டுகளின் வெள்ளிப் பைகள் அப்படியே இருந்தன. கெட்டுப்போகாத சரக்கு புதிய சரக்குக்கே போட்டியானது. 2024-ல் பரப்பு 45,000 ஏக்கருக்குக் கீழே வந்துவிட்டது.

மூன்றே ஆண்டுகளில் நாலில் ஒரு பங்கு போயிற்று. ஹாப் வேர் ஒருமுறை நட்டால் பத்து, இருபது ஆண்டுகள் பலன் தருவது. முழு விளைச்சலுக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதைத் தோண்டி எறிவது என்பது நெல்லை விட்டுக் கம்புக்கு மாறுவது போன்றதல்ல. தென்னந்தோப்பை வெட்டுவது போன்றது. யாக்கிமாவில் சில இடங்களில் கொடி இல்லாத கம்பங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன; திருவிழா முடிந்து பந்தல் பிரிக்காமல் விட்டது மாதிரி.

பள்ளத்தாக்குக்கு இது புதிதல்ல என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் உதாரணம் காட்டுவது எஸ்ரா மீக்கரை. மலைக்கு அந்தப் பக்கம், சியாட்டிலுக்குத் தெற்கே பியாலப் பகுதியில் 19-ம் நூற்றாண்டில் ஹாப் பயிரிட்டு ‘ஹாப் ராஜா’ என்று பேர் வாங்கியவர். மாளிகை கட்டினார். 1890-களில் அசுவினிப் பூச்சி வந்து வயல்களைத் தின்றது; கூடவே பொருளாதார நெருக்கடியும் வந்தது. அத்தனையும் போயிற்று. மனிதர் மூலையில் உட்காரவில்லை. 1906-ல், 75 வயதில், தான் இளமையில் குடும்பத்தோடு வந்த பழைய ஓரிகன் பாதையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே திரும்பிப் போய், வழியெல்லாம் நினைவுக்கல் நட வைத்தார். 97 வயது வரை வாழ்ந்தார். ஆனால் ஹாப்பை விட்டுவிட்டார்.

டாப்பனிஷ் என்ற சிற்றூரில் ஹாப்புக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. பழைய பறிப்புக் கூடைகள், பேல் கட்டும் கருவிகள் எல்லாம் அங்கே பார்க்கலாம். அக்டோபர் தொடக்கத்தில் யாக்கிமா நகரத்தில் ‘ஃப்ரெஷ் ஹாப்’ திருவிழா நடக்கும். உலர்த்தாத பச்சைப் பூவைப் பறித்த ஒரு நாளுக்குள் தொட்டியில் போட்டுச் செய்த பீர்தான் அதில் விசேஷம். அதற்காக அறுவடை நாட்களில் பீர்காரர்கள் வேனை வாசலிலேயே நிறுத்திக் காத்திருந்து, மூட்டையை ஏற்றியதும் பறப்பார்கள். பார்க்கப் போகிறவர்கள் பண்ணையில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. மனிதருக்குத் தூக்கம் தரும் இதே பூவை நாய் தின்றுவிட்டால் உடம்பு கொதித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

மேசையில் அந்த மனிதர் நான்காவது துண்டைத் தேய்த்து முகர்ந்துவிட்டு, முதல் துண்டுக்கு மறுபடி வருகிறார். தாளில் ஏதோ குறித்துக்கொள்கிறார். இரண்டு துண்டுகளைத் தன் பக்கம் நகர்த்தி வைக்கிறார். விவசாயி எந்த வயல் என்று எண்ணைப் பார்த்துக்கொள்கிறார். இன்னும் நான்கு பேர் முகர வேண்டியிருக்கிறது. வெளியே அறுத்து முடித்த வயலில் கம்பிகளில் அங்கங்கே நார்க் கயிற்றின் முடிச்சுகள் மட்டும் மிஞ்சித் தொங்குகின்றன. அடுத்த மார்ச்சுக்கு எத்தனை கட்டு கயிறு வாங்குவது என்று கேட்டு அலுவலக அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கிறார். ‘இவர்கள் போகட்டும், அப்புறம் சொல்கிறேன்’ என்று கையைக் காட்டுகிறார் விவசாயி.